துணியா, பாடா, கப்பா: வன்னிக் கிணற்றைக் கேட்டுப் பார்ப்போம்

மாதவிடாய்க்கு எது நல்லது என்று அலசுபவர்கள் வழக்கமாக சுகம், செலவு, சூழல் என்று கட்டம் போட்டுப் புள்ளி கொடுப்பார்கள். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கிணற்றில் இப்போது எவ்வளவு தண்ணீர்?

முதலில் பழைய சீலைத் துண்டு. அம்மம்மா காலத்திலிருந்து வருவது, காசு இல்லை, நூல் சீலை என்றால் நன்றாக உறிஞ்சவும் செய்யும். ஆனால் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து (சுடுதண்ணீர் பட்டால் இரத்தத்தின் புரதம் இறுகிக் கறை பிடித்துவிடும்), சவர்க்காரம் போட்டு, அலசி, வெயிலில் காயவிட வேண்டும். ஆடி, ஆவணியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வெயிலுக்குக் குறைவில்லை, கிணற்றில் வாளி தரை தட்டும். ஐப்பசி, கார்த்திகையில் முற்றமெல்லாம் வெள்ளம், ஆனால் துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். தண்ணீரும் வெயிலும் சேர்ந்து கிடைப்பது தை பிறந்து சித்திரை வரைக்கும்தான். அப்படிப் பார்த்தால் துணி என்பது வருஷத்தில் நாலு மாதம் ஒழுங்காக வேலை செய்கிற பொருள்.

தண்ணீரின் குணம் வேறு இருக்கிறது. எங்கள் பக்கம் பல கிணறுகளில் கடின நீர். கேத்தலுக்குள் வெள்ளை படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், நுரையும் வராது. சில மாதங்களில் துண்டு விறைத்துத் தொடையை உரசும், உறிஞ்சுவதும் குறையும். போதாததற்கு அதை யாரும் கொடியில் விரித்துப் போடுவதில்லை. கோடிப்பக்கத்தில் இன்னொரு உடுப்புக்குக் கீழே ஒளித்துத்தான் காயப்போடுவோம். ஈரம் போகாத துணியால் கடியும் புண்ணும் வரும். துணியில் எனக்குக் கோபம் இல்லை, ஒளித்துக் காயப்போடுவதில்தான் கோபம். பல அடுக்காக மடித்து, பட்டன் வைத்துத் தைத்த துணிப் பாட்கள் இப்போது வருகின்றன. நழுவாது, நல்ல தையல். ஆனால் தண்ணீர்க் கணக்கு அதேதான்.

அடுத்தது பாட். எங்கள் வீட்டில் அம்மா முதன்முதலில் பாட் வைத்தது 2009ல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். தண்ணீருக்கு வரிசை, குளிப்பது நாலு பேர் முன்னால், துணியை அலசி எங்கே போடுவது? நிவாரணப் பொதியில் வந்த பாட்தான் கைகொடுத்தது. பாடும் போர்க்களத்துச் சரக்குத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முதலாம் உலகப் போரில் காயத்துக்குக் கட்ட, மரக்கூழிலிருந்து செய்த செல்லுகொட்டன் என்ற பஞ்சு, பருத்தியை விட மிக அதிகமாக உறிஞ்சியது. தாதிமார் அதைத் தங்கள் தேவைக்கும் எடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்து பஞ்சு மிஞ்ச, கிம்பர்லி கிளார்க் நிறுவனம் 1920ல் அதைக் கோட்டெக்ஸ் என்று கடைக்குக் கொண்டுவந்தது. வாயால் கேட்க வெட்கப்பட்ட பெண்களுக்காக அமெரிக்கக் கடைகளில் மேசையில் பெட்டியை வைத்து, பக்கத்தில் காசு போட உண்டியலும் வைத்தார்கள். எங்கள் சந்திக் கடையில் இன்றும் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத்தான் வருகிறது. ஒட்டும் பசை வந்தது 1969 வாக்கில். அதுவரை இடுப்பில் பட்டி கட்ட வேண்டும்.

அவசரத்துக்கு, பயணத்துக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பாட்தான். அதில் வாதம் இல்லை. சிக்கல் இரண்டு. ஒன்று விலை. 2018 செப்டெம்பர் வரைக்கும் இலங்கையில் இறக்குமதிப் பாடுக்கு மொத்த வரி 101.2 வீதம், அதாவது பொருளை விட வரி கூட. பிறகு 62.6 வீதமாக்கி, அதற்குப் பின்னும் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒருத்திக்கு ஐந்து நாள், நாளுக்கு நாலு என்றால் மாதம் இருபது. இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் தாயும் உள்ள வீட்டில் அறுபது. கூலிக்குப் போகிற வீட்டில் அறுபதா வாங்குவார்கள்? ஒன்றையே காலையிலிருந்து மாலை வரை வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, கழித்ததை எங்கே போடுவது? கிராமத்துக்குக் குப்பை வண்டி வருவதில்லை. மேலும் கீழும் பிளாஸ்டிக், நடுவில் நீரைப் பிடித்து ஜெல்லாகும் குருணை. ஈரத்தோடு எரித்தால் எரியாது, புகையும். புதைத்தால் நாய் கிளறும். மலசலகூடக் குழியில் போட்டால் குழி சீக்கிரம் நிறையும், கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டியைக் கூப்பிட வேண்டும். அந்தப் பவுசர் காசில் இன்னும் எத்தனையோ பாட் பக்கெட் வாங்கலாம்.

உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருளான டம்பொன் இங்கே போட்டியிலேயே இல்லை. ஏர்ல் ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1931ல் காப்புரிமைக்குப் போட்டார், டம்பக்ஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 1980ல் கிருமியின் நச்சால் வரும் நச்சு அதிர்ச்சி நோய்ப் பயத்தில் ரிலை என்ற வகையையே சந்தையிலிருந்து எடுத்தார்கள். பாடைப் போல இதையும் மாதாமாதம் வாங்க வேண்டும், கிளிநொச்சியில் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

கப் என்பது உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம். அது புதுசு என்று நினைப்போம். லியோனா சால்மர்ஸ் என்ற நடிகை 1937லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது ரப்பர்க் கிண்ணம். இரண்டாம் போரில் ரப்பர் தட்டுப்பட, அதுவும் நின்றது. 1942ல் மலாயா யப்பானிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு ரப்பர் அனுப்பிய முக்கிய இடம் எங்கள் இலங்கைதான். நம் ரப்பர்ப் பால் டயருக்குப் போனது, கிண்ணத்துக்குப் போகவில்லை. இப்போது வருவது மருத்துவத் தர சிலிக்கோன். 2019ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. மற்றவற்றை விட ஒழுகல் கூடவில்லை என்றே அதில் கண்டார்கள்.

வன்னிக் கணக்கில் கப் ஏன் முந்துகிறது? பன்னிரண்டு மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம். கழுவ ஒரு செம்புத் தண்ணீர், மாதம் ஒரு தடவை கொதிக்கவைக்க ஒரு சின்னச் சட்டி. காயப்போடும் வேலை இல்லை, எரிக்கவும் எதுவும் இல்லை. நல்லதென்றால் பத்து வருஷம் வரை நிற்கும்.

குறையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் எனக்குச் சரிவரவில்லை, மடித்து வைப்பதும் காற்றை விட்டு எடுப்பதும் பழக வேண்டியிருந்தது. கை சுத்தம் கட்டாயம். லூப் (கருத்தடைக்குக் கருப்பையில் வைப்பது) போட்டவர்கள் குடும்பநல மாதுவைக் கேட்காமல் தொட வேண்டாம், எடுக்கும்போது லூப் நகரலாம். கலியாணமாகாத பிள்ளைக்கு இது கூடாது என்ற பேச்சு உண்டு. உடலுக்கு அதில் தடையில்லை, ஆனால் பதினாலு வயதுப் பிள்ளையை நான் வற்புறுத்த மாட்டேன். அவளுக்குப் பாட் வாங்கிக் கொடுங்கள், பள்ளிக்கூடத்தில் மூடியுள்ள வாளி ஒன்று கேளுங்கள்.

எனக்கு இப்போது வீட்டில் கப், யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் பாட், மாசி, பங்குனியில் இரவுக்குத் துணி. பக்கத்து வீட்டு அக்காவிடம் கப்பைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பத்து வருஷமோ? எனக்கு இன்னும் நாலு வருஷம்தான் பிள்ளை, பாதி விலைக்குத் தருவாங்களோ?"