டொராண்டோ, வான்கூவர், கால்கரி: டிசம்பர் வெயிலை வைத்து ஓர் அலசல்

கனடா விசா கைக்கு வந்ததும் சேலத்து வீடுகளில் பேச்சு வாடகை, வேலை, அந்த ஊரில் யார் சொந்தம் என்று போகும். குளிரைப் பற்றியும் கொஞ்சம் பயப்படுவார்கள். வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிப்ரவரி முடியும்போதே மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத ஊரில், வெயில் போதாமல் போகும் என்ற எண்ணம் எப்படி வரும்? போதாக்குறைக்கு, சேலத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பகல் சுருங்குவது என்றால் என்னவென்று நமக்கு உடம்புக்குத் தெரியாது.

இந்த மூன்று ஊரில் வெயில் கணக்கில் என் தேர்வு கால்கரி. மற்ற இரண்டையும் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கனடா வானிலைத் துறையின் 1981–2010 சராசரிப்படி வருடத்துக்கு வெயில் நேரம் கால்கரியில் சுமார் 2,396 மணி, டொராண்டோவில் 2,066, வான்கூவரில் 1,938. இந்த மூன்று எண்ணை மட்டும் பார்ப்பவர், கால்கரிக்கும் டொராண்டோவுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை, இதற்கா இவ்வளவு யோசனை என்று நினைப்பார். ஆண்டு மொத்தத்தில் உள்ள வஞ்சகம் இதுதான். சேகோ ஆலைக் களத்தில் குச்சிக்கிழங்கு மாவு காய வைப்பவரிடம் போய், இந்த வருடம் மொத்தம் இத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று சொல்லிப் பாருங்கள். மாவு ஈரமாகக் கிடந்த அந்த நாலு நாள் வெயில் வந்ததா என்றுதான் அவர் கேட்பார். மனிதருக்கும் அதே கணக்குதான். ஜூலையில் மூன்று ஊரிலும் வெயில் தாராளம்: கால்கரி 314 மணி, வான்கூவர் 290, டொராண்டோ 280. கோடையை வைத்து எந்த ஊரையும் கழிக்க முடியாது.

நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்தை மட்டும் கூட்டுங்கள். கால்கரி சுமார் 355 மணி. டொராண்டோ 253. வான்கூவர் 177. அதாவது வான்கூவரைப்போல் கால்கரி இரண்டு மடங்கு. டிசம்பரைத் தனியாக எடுத்தால் கால்கரி 114, டொராண்டோ 78, வான்கூவர் 56; நாளுக்கு முறையே மூன்றே முக்கால், இரண்டரை, இரண்டுக்கும் குறைவு. அதிலும் வான்கூவரின் 56 மணி நாளுக்கு இரண்டு மணி என்று பங்கு போட்டு வருவதில்லை. நாள் கணக்கில் மூட்டம் போட்டுவிட்டு, பிறகு ஓரிரு நாள் பளிச்சென்று இருக்கும்.

இதில் வேடிக்கை, பகல் நீளத்தில் கால்கரிதான் கடைசி. டிசம்பர் 21 அன்று அங்கே பகல் 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. வான்கூவரில் 8 மணி 10 நிமிடம். டொராண்டோவில் ஏறக்குறைய 8 மணி 55 நிமிடம். பகல் வேறு, வெயில் வேறு. இது நமக்குப் புதிதில்லை. சேலமும் ஏற்காடும் ஒரே அட்சரேகைப் பக்கம்தான், பகல் நீளம் நிமிடக் கணக்கில் ஒன்றுதான். ஆனாலும் சேலம் கோரிமேட்டில் வெயில் காயும்போது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு எதிரே வரும் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறது. டிசம்பரில் கிடைக்கக்கூடிய பகலில் எவ்வளவு பங்கு வெயிலாகிறது என்று பார்த்தால் கால்கரியில் ஏறக்குறைய 46 விழுக்காடு, டொராண்டோவில் 28, வான்கூவரில் 22.

காரணமும் நமக்குப் பழக்கமானதே. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு வருகிறது அல்லவா? பசிபிக் கடலின் ஈரக்காற்று அதேபோல் வான்கூவர் பக்க மலைகளிலும் ராக்கி மலைத்தொடரிலும் மழையாகவும் பனியாகவும் இறங்கிவிடும். மலைக்குக் கிழக்கே, சுமார் 1,045 மீட்டர் உயரத்தில் உள்ள கால்கரிக்கு வருவது உலர்ந்த காற்று. டொராண்டோவுக்கு வேறு சிக்கல்: இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் பெரிய ஏரிகளின் மேல் குளிர்காற்று வீசும்போது தாழ்ந்த மேகம் உருவாகி, நவம்பர் தொடங்கி வானத்தை மூடிவிடுகிறது.

இணையத்தில் எண்களைத் தேடும்போது மூன்று இடத்தில் சறுக்கும். பகல் நேரத்தையே வெயில் நேரம் என்று போடும் தளங்கள் உண்டு. வருடத்துக்கு 4,300 மணிக்கு மேல் காட்டினால் அது பகல் நேரம், ஏனென்றால் பூமியில் எந்த ஊருக்கும் பகல் மொத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடுத்து, ‘வருடத்தில் 333 வெயில் நாள்’ என்ற கால்கரியின் பெருமை. கொஞ்ச நேரம் வெயில் பதிவான நாளும் அதில் சேர்த்தி, எனவே அதை விட்டுவிடுங்கள். கடைசியாகக் கருவி. சதுர மீட்டருக்கு 120 வாட்டுக்கு மேல் நேரடிக் கதிர் விழுந்தால் வெயில் என்பது உலக வானிலை அமைப்பின் வரையறை. அட்டையை எரித்துக் கோடு போடும் பழைய கண்ணாடி உருண்டைக் கருவி, மேகம் விட்டு விட்டு வரும் நாளில் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆகவே இரண்டு நாட்டு ஊர்களுக்கு இடையே பத்து விழுக்காடு வித்தியாசம் என்றால் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி வீடு. ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம்.

கால்கரியில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி சொச்சம் உயரத்தில்தான் நிற்கும். சேலத்தில் அதே நாளில் 55 டிகிரி. ஆறடி ஆளின் நண்பகல் நிழல் இங்கே நாலடிக்குச் சற்று மேல், அங்கே இருபத்தொன்றரை அடி. தெற்கே உள்ள பக்கத்து வீடு 6 மீட்டர் உயரம் என்றால், அதன் நிழல் சுமார் 22 மீட்டர் தூரம் விழும். அதற்குள் உங்கள் தரைத்தள ஜன்னல் இருந்தால் 114 மணி வெயிலும் பக்கத்து வீட்டுக் கூரைக்குத்தான். டொராண்டோவில் சூரியன் 23 டிகிரி உயரம் வருவதால் அதே வீட்டின் நிழல் 14 மீட்டரோடு நிற்கும்.

தெற்குப் பார்த்த வீடு என்றாலே இங்கே முகம் சுளிப்பார்கள். அந்த அட்சரேகையில் குளிர்காலம் முழுக்க வெயில் வருவது பெரும்பாலும் தெற்கு ஜன்னல் வழியாகத்தான். வடக்கு ஜன்னலுக்கு நேரடி வெயில் அறவே கிடையாது. வாஸ்து விடாப்பிடியாக வேண்டும் என்பவர்கள், வாசலை எந்தத் திசையில் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு ஹால் ஜன்னலையாவது தெற்கே வாங்குங்கள். வாடகை குறைவு என்று பேஸ்மென்ட்டில் குடியேறினால் இந்த அலசல் முழுவதும் வீண். பாதி மண்ணுக்குள் இருக்கும் சின்ன ஜன்னல் வழியே கால்கரியும் வான்கூவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பேஸ்மென்ட்தான் கட்டுப்படியாகும் என்றால், நகரத்தை வேலையை வைத்தே முடிவு செய்யலாம்.

வைட்டமின் டி பெயரைச் சொல்லிக் கால்கரிக்கு வாக்குக் கேட்க மாட்டேன். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும் நேரத்தில் தோல் வைட்டமின் டி தயாரிப்பது மிகக் குறைவு. டிசம்பரில் மூன்று ஊரிலும் நாள் முழுக்க அதே நிலைதான். கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவை. ஜன்னல் கண்ணாடியும் அதற்கு வேண்டிய கதிரைத் தடுத்துவிடும். 70 வயது வரையிலான பெரியவர்களுக்குக் கனடா சுகாதாரத் துறை சொல்லும் அளவு நாளுக்கு 600 ஐ.யூ. (சர்வதேச அலகு), அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800. பாலில் வைட்டமின் டி சேர்ப்பது அங்கே கட்டாயம். தயிர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். குளிர்கால வெயிலால் கிடைப்பது கண்ணுக்கு வெளிச்சம், காலையில் எழ ஒரு தூண்டுதல், தெற்கு அறைக்குக் கொஞ்சம் இலவசச் சூடு. வடகம் காயும் வெயில் அல்ல.

கால்கரியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மைனஸ் 30 வரை போகும் நாட்கள் உண்டு. சினூக் என்ற வெப்பக் காற்று மலையிறங்கி வந்து சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏற்றிவிடும். சிலருக்கு அன்றைக்குத் தலைவலி நிச்சயம். காற்று வறண்டதால் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், படுக்கையறைக்குக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வேண்டும். பனியில் பட்டுத் தெறிக்கும் தாழ்ந்த வெயில் வண்டி ஓட்டும்போது நேராகக் கண்ணில் அடிக்கும். கூலிங் கிளாஸ் அங்கே ஜனவரிச் சாமான். 2020 ஜூனில் நகரின் வடகிழக்கில் பெய்த ஆலங்கட்டி மழைக்குக் காப்பீட்டு இழப்பே 100 கோடி கனடா டாலரைத் தாண்டியது, ஆகவே கூரைக்கான காப்பீட்டு விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2023 போன்ற காட்டுத்தீ ஆண்டுகளில் கோடை வெயிலைப் புகை தின்றுவிடும். 1981–2010 சராசரியில் அது ஏறவில்லை.

குளிரே ஆகாது, மழையும் இருட்டும் பரவாயில்லை என்பவருக்கு வான்கூவர். கோவில், தமிழ்க் கடை, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும் என்றால் டொராண்டோ. அந்தப் பலத்துக்கு முன் நூறு மணி நேர வெயில் பெரிதில்லை என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். மூட்டமான வானம் எல்லோரையும் ஒரேபோல் அழுத்துவதுமில்லை. இங்கே ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெயில் காணாவிட்டாலே சோர்ந்துபோகிறவர் என்றால்தான் எச்சரிக்கை தேவை.

கால்கரி என்று முடிவானால், புரோக்கர் அனுப்பும் கோடைக்காலப் படங்களை நம்பாதீர்கள். குளிர்காலக் கடிகாரப்படி அங்கே டிசம்பரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.35க்கு. அந்த நேரத்தில், விளக்குகளை அணைத்துவிட்டு, ஹால் நடுவில் நின்று ஜன்னல் பக்கம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரையில் வெயில் விழுகிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கலாம்.