பெயரைத் தட்டினால் முதலிடம், பொருளைத் தட்டினால்? பிரிட்டன் கடைவீதியின் கூகுள் நிலவரம்

பிரிட்டனின் பெருங்கடைகளில் ஒன்றான ஆர்கோஸின் பெயரைக் கூகுளில் தட்டினால் ஆர்கோஸ்தான் முதலில் வரும். இதில் மெச்சிக்கொள்ள எதுவுமில்லை. கடையின் பெயரைத் தட்டுகிறவர் எங்கே வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் வருகிறார். கடைக்கு மார்க் போட வேண்டியது ‘பையனுக்குக் கறுப்பு ஸ்கூல் ஷூ’, ‘டபுள் பெட் மெத்தை’ மாதிரி எந்தக் கடையின் பெயரும் இல்லாத தேடல்களில். பிரிட்டனில் ஹை ஸ்ட்ரீட் என்று சொல்லும் கடைவீதிப் பெருங்கடைகளின் இணையதளங்களை இந்த ஒரு அளவுகோலை வைத்தே இங்கே பார்க்கிறோம்.

இரண்டு வகைத் தேடலையும் கலந்து ‘கூகுளிலிருந்து இத்தனை பேர் வந்தார்கள்’ என்று காட்டும் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். டிவியில் கிறிஸ்துமஸ் விளம்பரம் ஓடினாலே பெயர்த் தேடல் எகிறும். தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை பார்க்கும் எஸ்இஓ டீம் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். தளச் சொந்தக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கடைப் பெயரையும், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு உள்ள ‘எம் அண்ட் எஸ்’, ‘மார்க்ஸ் அண்ட் ஸ்பார்க்ஸ்’ போன்ற செல்லப்பெயர்களையும், எழுத்துப்பிழைகளையும் ரெஜெக்ஸ் (பல சொற்களை ஒரே விதியில் பிடிக்கும் முறை) ஃபில்டரில் கொடுத்து, பொருந்தாதவற்றை மட்டும் எடுங்கள். மிஞ்சுவதுதான் உண்மைக் கணக்கு. பல கடைகளுக்கு அது சங்கடமான கணக்கு.

அமைப்பு என்று பார்த்தால் எங்கள் முதல் மார்க் ஆர்கோஸுக்கு. 1970களிலிருந்து அச்சான அந்தத் தடிமனான கேட்டலாக் 2020இல் நின்றுபோனது. ஆனால் அதிலிருந்த ஏழு இலக்க எண் வலைத்தளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: பொருளின் பக்க முகவரியே அந்த எண்தான். இதன் அருமை தளத்தைப் பராமரிப்பவருக்குத்தான் தெரியும். ஒரு நாற்காலியைத் ‘தோட்டம்’ பிரிவிலிருந்து ‘ஃபர்னிச்சர்’ பிரிவுக்கு மாற்றினாலும் முகவரி மாறாது. அதனால் வெளியிலிருந்து வந்த லிங்க்குகளும் சேர்ந்த ரிவ்யூக்களும் சிதறாமல் ஒரே பக்கத்தில் நிற்கும். பிரிவின் பெயரை முகவரிக்குள் திணித்த கடைகள், மெனுவை மாற்றியமைக்கும் ஒவ்வொரு முறையும் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட்டை ஆயிரக்கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது.

துணிக்கடைகளின் தலைவலி வேறு. அது ஃபில்டர். ஒரு ‘டிரெஸ்’ பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நிறம் 10, சைஸ் 12, பிராண்ட் 20, விலை அடுக்கு 5. ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே 12,000 சேர்க்கைகள். அதன்மேல் ‘விலை குறைவு முதலில்’, ‘புதியவை முதலில்’ என்று நான்கு வரிசை முறைகள் வந்தால் 48,000. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி முளைத்தால், பக்கங்களைப் படித்துவரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் இந்தக் குப்பையிலேயே அலைந்துகொண்டிருக்கும். நேற்று வந்த புதுச் சரக்கின் பக்கம் அதன் கண்ணில் படவே நாளாகும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டாலும் தப்பு. ‘கறுப்பு மேக்ஸி டிரெஸ்’ என்று தேடுபவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

ஆகவே யாராவது உண்மையில் தேடும் சேர்க்கைகளை மட்டும், அதாவது நிறமும் வகையும், தையலும் வகையும் சேர்ந்தவற்றை, சாதாரண லிங்க் வைத்துத் தனித் தலைப்போடு பக்கமாக்க வேண்டும். சைஸ், விலை, வரிசை முறை மூன்றையும் கூகுள்பாட் எட்டிப்பார்க்காதபடி, எதைப் படிக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலில் நிறுத்த வேண்டும். ‘இதன் மூலப் பக்கம் இது’ என்று காட்டும் கேனானிக்கல் டேக் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். கேனானிக்கல் ஒரு சிபாரிசு மட்டுமே. அதைப் படிக்கவே கூகுள்பாட் அந்தப் பக்கத்துக்கு வந்தாக வேண்டும், ஆகவே அலைச்சல் மிச்சமாகாது. 1988இல் அச்சு டைரக்டரி வழியாகத் தபால் விற்பனை தொடங்கிய துணிக்கடை நெக்ஸ்ட், பாலினம், வகை என்று ஃபில்டர் சேர்க்கைகளையே ஒழுங்கான முகவரிகளாக மாற்றி வைத்திருக்கிறது. கேட்டலாக் போட்டுப் பழகிய நிறுவனங்கள் வகைப்படுத்தலில் தேறிவிடுவதில் ஆச்சரியமில்லை.

ஸ்டாக் தீர்ந்த பொருளைக் கையாள்வதில் பெரும்பாலான கடைகள் சறுக்குகின்றன. சீசன் முடிந்ததும் பக்கத்தை முகப்புக்கு ரீடைரக்ட் செய்துவிடுவது பரவலான பழக்கம். கூகுள் அதை ‘சாஃப்ட் 404’, அதாவது இருப்பதுபோல் காட்டும் இல்லாத பக்கம், என்று கணக்கில் வைக்கும். பழைய லிங்க்கின் பலன் போய்விடும். திரும்ப வரும் சரக்கென்றால் பக்கத்தை அப்படியே விட்டு, ஸ்டாக் இல்லை என்பதை, கூகுள் படிப்பதற்கென்று பக்கத்தில் வைக்கும் ஸ்ட்ரக்சர்டு டேட்டாவிலும் சொல்ல வேண்டும். அடுத்த மாடல் வந்துவிட்டதென்றால் அதற்கு 301 எனும் நிரந்தர ரீடைரக்ட். இரண்டும் இல்லையென்றால் நேர்மையாக 404, அதாவது ‘பக்கம் இல்லை’. பிளாக் ஃப்ரைடே பக்கமும் இதே கதைதான். வருடத்தை முகவரியில் வைத்து ஆண்டுதோறும் புதுப் பக்கம் போடுவது, போன வருட உழைப்பைக் குப்பையில் கொட்டுவது. முகவரி ஒன்றாகவே இருக்கட்டும், உள்ளடக்கம் மட்டும் மாறட்டும்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு இரண்டு வெவ்வேறு மார்க். 2014 பிப்ரவரியில் அமேசானின் தளத்தைவிட்டு வெளியேறி, 15 கோடி பவுண்டில் சொந்தத் தளம் கட்டினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூனில் முடிந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. தளத்தை மாற்றினால் கூகுள் வரிசையும் கொஞ்சம் ஆடும் என்பது தெரிந்ததுதான். அந்த ஆட்டத்தோடு லாகினையும் சேர்த்து உடைத்தது தவறு. பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் புது முகவரியை ஒன்றுக்கு ஒன்று எழுதி, நேரடி 301 போட்டு, குறைந்தது ஒரு வருடம் எடுக்காமல் வைப்பது அடிப்படை. ரீடைரக்ட் ரீடைரக்டுக்குப் போய்ச் சங்கிலியானால், கூகுள்பாட் பத்தாவது தாவலோடு நின்றுவிடும்.

2025இல் அதே நிறுவனம் செய்தது பாடமாகவே வைக்கத் தகுந்தது. சைபர் தாக்குதலால் ஏப்ரல் 25 அன்று ஆன்லைன் ஆர்டர்களை நிறுத்தினார்கள். ஜூன் 10 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். ஆனால் தளத்தை இழுத்து மூடவில்லை. வாங்கத்தான் முடியாது, பொருள்களைப் பார்க்கலாம். விற்பனை நின்றாலும் பக்கங்கள் நிற்கக் கூடாது. 503 (‘சேவை தற்காலிகமாக இல்லை’) காட்டி வாரக்கணக்கில் கதவடைத்தால், கூகுள் அந்தப் பக்கங்களைத் தன் தேடல் பட்டியலான இண்டெக்ஸிலிருந்தே தூக்கத் தொடங்கும்.

கடை போன பிறகும் பெயர் பிழைத்திருக்கும் வேடிக்கை பிரிட்டனில் நிறைய. டெபனாம்ஸ் கடைகள் மூடப்பட்டன. பெயரையும் தளத்தையும் மட்டும் 2021இல் இணையத் துணிக்கடை பூஹூ 5.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2023இல் வில்கோ சரிந்தபோது பெயரும் தளமும் தி ரேஞ்ச் என்ற இன்னொரு கடையின் கைக்குப் போனது. பல வருடம் சேர்ந்த லிங்க்கும், பெயர்த் தேடலும்தான் அங்கே சரக்கு. டாப்ஷாப் என்ற துணிக்கடைப் பெயரை வாங்கிய இணையக் கடை ஏசாஸ் அதன் முகவரியைத் தன் தளத்துக்குள் திருப்பிவிட்டு, 2025இல் மறுபடி தனித் தளமாகத் திறந்தது. நான்கு வருடம் இன்னொருவர் வீட்டில் குடியிருந்த முகவரிக்குப் பழைய மதிப்பு முழுசாகத் திரும்பும் என்று எதிர்பார்ப்பது பேராசை. நேர் எதிர் உதாரணம் டிஜிஜோன்ஸ்: புத்தகம், எழுதுபொருள் விற்ற டபிள்யூஎச்ஸ்மித்தின் சுமார் 480 ஹை ஸ்ட்ரீட் கடைகள் 2025இல் கைமாறின, பழைய பெயர் உடன் வராததால் இந்தப் புதுப் பெயர். கடை, அலமாரி, ஆட்கள் எல்லாம் இருக்க, தேடலில் மட்டும் பிறந்த குழந்தை.

குறுக்குவழிக்காரர்களுக்கு இன்டர்ஃப்ளோரா நினைவிருக்கும். 2013 பிப்ரவரியில், வட்டாரச் செய்தித்தாள்களின் தளங்களில் லிங்க்குக்காகக் காசு கொடுத்துப் போட்ட கட்டுரை விளம்பரங்களுக்காகக் கூகுள் தண்டித்தது. சுமார் 11 நாள், சொந்தப் பெயரைத் தட்டினால்கூட அந்தப் பூக்கடை வரவில்லை. அன்னையர் தினத்துக்குச் சற்று முன்தான் திரும்பியது.

வேகத்தில் யாருக்கும் முழு மார்க் இல்லை. பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. சுழலும் பேனர்களை வைத்துக்கொண்டு அது கஷ்டம்.

அமேசானிடம் பெரிதாக இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது: கடை. ‘பக்கத்தில் எங்கே கிடைக்கும்’ என்ற தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பக்கம், கூகுள் மேப்பில் காட்டும் தனி பிசினஸ் புரொஃபைல், அதிலிருந்து கிளைப் பக்கத்துக்கே நேர் லிங்க் வேண்டும். முகப்புக்கு லிங்க் கொடுப்பது சோம்பேறித்தனம். துணிக்கடை ப்ரைமார்க் வீட்டு டெலிவரியே செய்யாமல், 2022இல் பொருள்களையும் கிளை ஸ்டாக்கையும் தளத்தில் ஏற்றியது. இந்த வகையில் புத்திசாலித்தனமான முடிவு அதுதான். 2023இல் 2,200 கடைகளை 1,900 ஆக்குவதாக அறிவித்த மருந்துக்கடை பூட்ஸ் போன்ற நிறுவனத்துக்கு வேலை இன்னும் நுணுக்கமானது. மூடிய கிளையின் புரொஃபைலை அழிக்காமல் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறிக்க வேண்டும். அதன் பக்கத்தை அருகிலுள்ள கிளைக்குத் திருப்ப வேண்டும். கடை நேரமும் உள்ளே இருக்கும் ஃபார்மசியின் நேரமும் ஒன்றல்ல என்பதால் ஃபார்மசிக்குத் தனி புரொஃபைலும், ‘வங்கி விடுமுறை’ எனப்படும் பொது விடுமுறை நாள்களுக்குத் தனி நேரமும் போட வேண்டும்.