மார்கழிக்கு மொச்சையா, பட்டாணியா?

மார்கழி பிறந்ததும் காய்கறிக் கடையில் மொச்சையும் பட்டாணியும் அருகருகே குவிந்துவிடும். இரண்டையும் அள்ளலாம்தான், உரிக்கிற கை என்னுடையது மட்டும் என்பதால் வாரத்துக்கு ஒன்றுதான்.

உரிப்பதில் பட்டாணி சமர்த்து. நுனியைக் கிள்ளி நாரை இழுத்தால் ஏழெட்டு மணிகள் உருண்டு வரும். பாதி என் வாய்க்கே போய்விடும். மொச்சை படுத்தும். தோலெல்லாம் பிசுபிசுப்பு. பத்துக் காய் உரிப்பதற்குள் விரலில் ஏறிய வாசம் சோப்பு போட்டாலும் இரவு வரை போகாது. ஓட்டை விழுந்த காயைத் திறந்தால் புழு வேறு. பிதுக்குப் பருப்பு வேண்டுமென்றால், முற்றிய விதையை ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த வாசத்துக்குத்தானே காசு! பெங்களூரில் குளிர்காலத்தில் இதற்கென்றே 'அவரேபேளே மேளா' நடத்துகிறார்கள். தோசையிலிருந்து ஜிலேபி வரை எல்லாவற்றிலும் மொச்சைதான். நாட்டு மொச்சையை ஆடியில் விதைத்தாலும் பகல் சுருங்கும்வரை கொடி மட்டும்தான் ஓடும், பூக்காது. அதனால்தான் பச்சை மொச்சைக்கு இந்த இரண்டு மூன்று மாதம்தான் காலம். காய்ந்த மொச்சை வருஷம் முழுக்கக் கிடைக்கும், ருசி வேறு.

பட்டாணிக்கு வேறொரு சங்கடம். பறித்த உடனேயே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். வடக்கிலிருந்து லாரியில் வந்து கடையில் இரண்டு நாள் கிடந்தது சப்பென்றுதான் இருக்கும். பறித்த சூட்டோடு உறையவைத்த பாக்கெட் பட்டாணி பல நேரம் அதைவிட இனிப்பு. உரித்து வைத்து விற்பதை மட்டும் நான் தொடுவதில்லை. காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. சந்தேகம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி போட்டு வையுங்கள், தண்ணீர் பச்சையானால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, அடுப்புக்கு வருவோம். குருமா, புலாவ் என்றால் பட்டாணிதான்; மொச்சை அங்கே ஒட்டாது. புளி ஊற்றிய குழம்பில் பட்டாணி இருக்கிற இடமே தெரியாது. மொச்சையோ கத்திரிக்காயோடும் கருவாட்டோடும் கொதித்து மறுநாள் இன்னும் ஊறி நிற்கும். திருவாதிரைக் களிக்கான ஏழுகறிக் கூட்டை மொச்சை இல்லாமல் வைத்தால் எங்கள் வீட்டில் யாரும் தட்டை நீட்டமாட்டார்கள்.

ஆகவே தை முடியும்வரை என் பையில் மொச்சை. பட்டாணி ஃப்ரீசரில் இருக்கிறது, பங்குனியிலும் இருக்கும்.