எட்டு வருட டிஜிலாக்கர்: பெட்டி டெல்லியில், பொருள் தாலுகா ஆபீஸில்

அரசு ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் டிஜிலாக்கர் செயலியில் நான் கணக்கு தொடங்கியது 2017-இல். மத்திய அரசு அதை 2015 ஜூலையிலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் என் கணக்கில் முதல் ஒரு வருடம் ஆதாரைத் தவிர வேறு எதுவும் இல்லை. லைசென்ஸ் எண்ணை எத்தனை முறை போட்டாலும் ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்றே வரும். காரணம் என் இனிஷியல்.

லைசென்ஸ் எடுத்தது கல்யாணத்துக்கு முன்னால். அதில் அப்பாவின் இனிஷியல். ஆதார் எடுத்தது புகுந்த வீட்டுக்கு வந்தபிறகு நடந்த முகாமில். அங்கே இருந்தவர் ரேஷன் கார்டைப் பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கணவரின் இனிஷியலைப் போட்டுவிட்டார். நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும். மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து, வாக்காளர் அட்டையில் இன்னோர் எழுத்து. இதுபோதாதென்று பல மத்திய அரசுப் படிவங்கள் குடும்பப் பெயர் என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சிலர் அதில் அப்பா பெயரை எழுதுவார்கள், சிலர் இனிஷியலை மட்டும் போடுவார்கள். மனிதர்கள் பார்த்துச் சரி என்று விட்டுவிடும் வேறுபாட்டைக் கணினி விடாது.

ஆதாரில் பெயர் திருத்தம் வாழ்நாளில் இரண்டே முறைதான் அனுமதி. அதில் ஒன்றைச் செலவழித்து அப்பாவின் இனிஷியலுக்குத் திரும்பினேன். அதன்பிறகு லைசென்ஸ் வந்தது, ஸ்கூட்டர் ஆர்.சி.யும் வந்தது.

2019-இல் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் அருகே வண்டிச் சோதனை. பர்ஸ் வீட்டில். போனைத் திறந்து காட்டினேன். காவலர் படத்தையும் என் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, “சரிம்மா, போங்க” என்றார். அவ்வளவுதான், பத்து விநாடி. டிஜிலாக்கர் ஆவணம் அசலுக்குச் சமம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் ஆர்.டி.ஓ. அலுவலகம். அந்த விவரம் தங்கியிருக்கும் சாரதி மென்பொருள் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையத்தினுடையது. ரோட்டில் பார்ப்பவர் மாநிலக் காவலர். இத்தனை பேரும் ஒத்துழைத்தால்தான் அந்தப் பத்து விநாடி. அன்றிலிருந்து எனக்கு இதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

உண்மையான சோதனை மகன் பிளஸ் டூ முடித்தபோது வந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் வேண்டும். இ-சேவை மையத்துக்குப் போனேன். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். அங்கே இருந்த பெண்ணை நான் மறக்கமாட்டேன். எல்லாம் அடித்து முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். “அக்கா, ஒவ்வொரு எழுத்தா படிங்க. ஒண்ணு மாறினாலும் அப்புறம் நீங்கதான் தாலுகா ஆபீஸுக்கு நடக்கணும்” என்றார். படித்தேன். கணவர் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தது. திருத்திய பிறகுதான் அனுப்பினார். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போய், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் போய், தாலுகா அலுவலகத்தில் டிஜிட்டல் கையெழுத்தாகி வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். டி.என். என்று தொடங்கும் சான்று எண்ணை டிஜிலாக்கரில் போட்டதும் அங்கேயும் வந்துவிட்டது.

ஆனால் அவன் ஐ.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வை எழுத விரும்பினான். அங்கே நம் பி.சி. சான்று செல்லாது, மத்திய அரசின் ஓ.பி.சி. படிவம்தான் வேண்டும். கிரீமி லேயரில், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவில், வரவில்லை என்றும் அதில் இருக்க வேண்டும், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். அதே வி.ஏ.ஓ., அதே ஆர்.ஐ., அதே தாலுகா அலுவலகம், அதே குடும்ப விவரம், மறுபடி ஒரு விண்ணப்பம். தேர்வு வேளையில் பிள்ளை படிக்க வேண்டிய நேரத்தில் அவனையும் கூட்டிக்கொண்டு அலைந்தேன். சாதி மாறப்போவதில்லை. வருமானத்தை மட்டும் வருடம் ஒருமுறை சரிபார்த்து, ஒரே சான்றில் இரண்டு அரசுகளுக்கும் தேவையானதை எழுதிக் கொடுத்தால் என்ன? எட்டு வருடத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பெட்டியை இணைத்துவிட்டார்கள், உள்ளே போகும் தாள்களை இன்னும் இணைக்கவில்லை.

ரேஷனில் இந்த இணைப்பு ஓரளவு நன்றாகவே நடக்கிறது. 2020 அக்டோபரில் தமிழகம் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்தது. வெளிமாநிலத்தில் வாங்கிய கார்டுதாரரும் இங்குள்ள கடையில் கைரேகை வைத்து, மத்திய அரசு ஒதுக்கும் தானியத்தை வாங்கலாம். ஊரைவிட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

யாராவது என்னிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். கணக்கு தொடங்கும் முன் ஆதார், மார்க் ஷீட், லைசென்ஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இனிஷியலைப் பாருங்கள். தப்பு இருந்தால் அது எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கேயே திருத்துங்கள். செயலியை அழித்து மறுபடி ஏற்றுவதால் எதுவும் ஆகாது.

தங்கை மகளுக்குப் போன வருடம் குழந்தை பிறந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, லைசென்ஸ், ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்று ஒன்றே போதும் என்று மத்திய சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பதிவு செய்பவர் உள்ளூர்ப் பதிவாளர்தான். கிராமத்தில் அது வி.ஏ.ஓ.வாகவும் இருக்கலாம். ஒரு வருடத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. போன மாதம் பெயர் சேர்க்க நானும் கூடப் போனேன். குழந்தையின் பெயரையும் அப்பா அம்மா பெயர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தோம். பதிவாளர் அடித்து முடித்ததும், “ஒரு நிமிஷம் சார், திரையைக் கொஞ்சம் திருப்புங்க” என்றேன். திருப்பினார். தங்கை மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.