ரிச்சி தெருவில் வாங்கிய 2.4.8 போர்டும் பனைமரத்தில் சொருகிய விமானமும்

சொந்தமாக விமானம் செய்து பறக்கவிட நினைப்பவர்கள், முக்கியமாக முதல்முறை ஃப்ளைட் கன்ட்ரோலர் (விமானத்தைத் தானாக ஓட்டும் சின்ன போர்டு) வாங்கப்போகும் கல்லூரித் தம்பிகள், இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும். எனக்குப் போனது 14,200 ரூபாய்.

சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டில் 1.6 மீட்டர் இறக்கை, மொத்த எடை 1.4 கிலோ. அண்ணன் நிலத்தை மேலிருந்து படமெடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ரேடியோவில் கையால் ஓட்டிப் பழகியாயிற்று. தானாகப் போய்த் திரும்பி வருவதற்கு ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். தேடியது பிக்ஸ்ஹாக், அந்த மென்பொருள் ஓடும் போர்டு. கடையின் பெயர் வேண்டாம்.

"ஒரிஜினல் பிக்ஸ்ஹாக்தானே தம்பி?"

"ஒரிஜினல்தாண்ணே. லேட்டஸ்ட், 2.4.8. ரெண்டு எம்பி. காலேஜ் பசங்க எல்லாம் இதத்தான் எடுக்கிறாங்க."

பசங்க எடுப்பது மட்டும்தான் இதில் உண்மை. பிக்ஸ்ஹாக்கின் வரைபடம் எல்லாருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் 2013-இல் 3டிஆர் என்ற அமெரிக்க நிறுவனம் விற்கத் தொடங்கிய அசலில் 2.4.8 என்று ஒரு பதிப்பே கிடையாது. நகலெடுத்தவர்கள் தாங்களாகக் கூட்டிக்கொண்ட எண் அது.

அந்த 2 எம்பி கதையும் இருக்கிறது. போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்427 சிப். அதன் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் ஒரு கோளாறு உண்டு. மென்பொருளை வைக்கும் ஃப்ளாஷ் நினைவகம் 2 எம்பி என்றாலும் முதல் 1 எம்பியைத்தான் நம்பிப் பயன்படுத்த முடியும். பின்னால் வந்த சிப்பில் இது சரியாகிவிட்டது. எனக்குக் கிடைத்தது பழசு. முழு ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றப் பார்த்தால் ஏறவில்லை, வசதிகளை வெட்டிச் சுருக்கிய 1 எம்பி பதிப்புதான் ஏறியது. கூடவே தந்த ஜிபிஎஸ் மேல் 'எம்8என்' என்று பளபள ஸ்டிக்கர். போர்டைக் கணினியில் பார்க்க உதவும் மிஷன் பிளானர் மென்பொருளின் மெசேஜஸ் பக்கத்தில் அதுவே தன்னைப் பற்றிச் சொன்ன ஹார்டுவேர் எண் 00070000. அப்படியென்றால் அது யூப்ளாக்ஸ் கம்பெனியின் பழைய 7-ஆம் தலைமுறைச் சிப். எம்8 ஆக இருந்தால் 00080000 என்று வரவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பறக்கவிட்டேன் பாருங்கள், அது என் கொழுப்பு.

உண்மையான எமன் பாரோமீட்டர், காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கும் சென்சார். போர்டை மேஜைமேல் வைத்து மிஷன் பிளானரைத் திறந்தேன். உயரம் 0. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் 4 மீட்டர். இருபது நிமிடத்தில் 11. மேஜை அங்கேயேதான் இருக்கிறது, நானும் அங்கேயேதான் இருக்கிறேன். மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று சென்சார்மேல் துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டுச் சமாதானம் ஆகிவிட்டேன். போர்டு சூடாகச் சூடாக எண் ஏறுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. அசலில் எம்எஸ்5611 என்ற சென்சார் இருக்கும். சில நகல்களில் அதற்குப் பதில் எம்எஸ்5607 வைத்து விற்கிறார்கள். இந்தத் தில்லுமுல்லுக்காகவே ஆர்டுபைலட்காரர்கள் தனியாக ஒரு செட்டிங் சேர்க்க வேண்டியதாயிற்று. என் போர்டில் என்ன சிப் இருந்ததோ, வெயிலுக்குத் தாங்கவில்லை.

திண்டிவனம் பக்கம் ஒரு வறண்ட ஏரி, மே மாதம், காலை பத்தரை மணி. ஆர்டிஎல் (புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும் முறை) உயரம் 60 மீட்டர். ஸ்விட்சைத் தட்டியதும் சமர்த்தாகத் திரும்பி வந்து தலைக்குமேல் வட்டம் போட்டது. ஒவ்வொரு வட்டமும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது. கையில் இருந்த திரையில் மட்டும் 60, 60, 61. கண்ணை நம்பாமல் திரையை நம்பினேன். கரையோரப் பனைமரத்தின் கொண்டையில் இடது இறக்கை சொருகிக்கொண்டபோதும் திரை 58 காட்டியது. பிறகு போர்டு பதிந்துவைத்த லாக்கை எடுத்துப் பார்த்தேன்: அந்த நொடியில் ஜிபிஎஸ் கணக்குப்படி தரையிலிருந்து 17 மீட்டர். உயரத்துக்கு மென்பொருள் முதலில் நம்புவது பாரோமீட்டரை. அது சொன்ன பொய்யை நம்பி விமானம் ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது, பாவம்.

கடைக்குப் போனேன். "கவர் பிரிச்சிட்டா ரிட்டர்ன் கிடையாதுண்ணே." கவர் பிரிக்காமல் போர்டை எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்கு அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டான். பில்லில் 'போர்டு செட்' என்று இரண்டே வார்த்தை. பிக்ஸ்ஹாக் என்றும் இல்லை, எம்8என் என்றும் இல்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனால் கையில் எதைக் காட்டுவது?

அதனால் பில்லில் போர்டின் முழுப் பெயர், ஜிபிஎஸ் மாடல் இரண்டும் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். மடிக்கணினியை எடுத்துப்போய் அங்கேயே செருகிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் அசையாமல் வைத்து உயரத்தைக் கவனியுங்கள், ஒருமுறை வெயிலிலும் வையுங்கள். மலிவு என்று ஏபிஎம் 2.8 என்ற பழைய போர்டு பக்கமும் போக வேண்டாம், 8 பிட் சிப். அதற்குப் புது ஃபர்ம்வேர் வருவது நின்று பல வருடம் ஆகிறது. சின்ன விமானத்துக்கு மேடெக், ஸ்பீடிபீ மாதிரி கம்பெனிகளின், ஆர்டுபைலட் ஆவணத்தில் பெயர் இருக்கும், எஃப்405 சிப் உள்ள விங் போர்டு போதும். அதுவும் 1 எம்பிதான், ஆனால் 1 எம்பி என்று சொல்லியே விற்கிறார்கள். கூடுதல் வசதி வேண்டுமென்றால் எச்743 சிப் உள்ள போர்டு.

பழைய போர்டைத் தூக்கிப் போடவில்லை. அண்ணன் மகனின் பொம்மைக் காரில், தரை வண்டிகளுக்கான ரோவர் ஃபர்ம்வேர் ஏற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடும் அந்தக் கார், வெயில் ஏறினால் தரைக்கு முப்பது மீட்டர் மேலே போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கிறது.