டிசம்பர் முதல் வார ஹொக்கைடோ பொதிப்பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பயண முகவர் நிலையம் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் விளம்பரத் தாளைப் பற்றிய மதிப்பீடு இது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குக் குழுப்பயணம். 7 நாள், 5 இரவு. சப்போரோ, ஒத்தாரு, நொபொரிபெட்சு, நடுவில் ஒரு நாள் பனிச்சறுக்கு. புறப்பாடு டிசம்பர் முதல் வாரம். ஒருவருக்கு 6,900 வெள்ளி (ரிங்கிட்). விமானம், தங்குமிடம், பேருந்து, காலைப் பசியாறல், தமிழ் பேசும் வழிகாட்டி எல்லாம் இதில் அடக்கம். குளிர் உடுப்பு வாடகை தனி.

ஊர் சுற்றிப் பார்க்க இது நல்ல பொதி. பனியைக் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் அதில் உருள வேண்டும் என்றாலும் நல்ல பொதிதான். சறுக்கப் பழக வேண்டும் என்று போகிறவர்களுக்கு மட்டும் தேதி சரியில்லை. இதே முகவர் டிசம்பர் 20-க்குப் பிறகு இன்னொரு குழுவை அழைத்துப் போகிறார். 600 வெள்ளி கூடுதல். சறுக்குதான் நோக்கம் என்றால் அந்த 600 வெள்ளி வீண்போகாது.

முதலில் தாளில் உள்ள படங்கள். ஊதாப் பூ விரிந்த லாவெண்டர் வயல் ஒன்று; ஃபுரானோவில் அது ஜூலை மாதக் காட்சி. மாளிகை உயரத்துக்குப் பனிச் சிற்பம். சப்போரோ பனி விழா நடப்பது பிப்ரவரியில். கடலில் மிதக்கும் பனிப்பாளம். அது தீவின் மறுகோடியில், அபாஷிரிப் பக்கம், ஜனவரி கடைசிக்கு மேல் வந்து சேர்வது. நான்காவது, முழங்கால் வரை மாவுப்பனியில் ஒருவர் பறக்கிறார். அது ஜனவரி, பிப்ரவரி. டிசம்பர் முதல் வாரத்தில் இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. முகவர் பொய் சொல்கிறார் என்பதில்லை, வருடம் முழுவதற்கும் ஒரே தாளை வைத்து ஓட்டுகிறார்.

அந்த வாரத்தில் கிடைப்பதும் குறைவில்லை. ஒடோரி பூங்காவில் விளக்கலங்காரமும் ஜெர்மானிய பாணி கிறிஸ்துமஸ் சந்தையும் நவம்பர் கடைசியிலிருந்து ஏறக்குறைய 25 டிசம்பர் வரை நடக்கும். நொபொரிபெட்சுவின் ‘நரகப் பள்ளத்தாக்கில்’ கந்தக ஆவி குளிர்காலத்தில் இன்னும் அடர்த்தியாக எழும்பும். ஒத்தாரு கால்வாய் 1923-இல் கட்டி முடித்தது, கரையில் பழைய கல் கிடங்குகள், எரிவாயு விளக்குகள். ஆனால் பொதியின் நேர அட்டவணை இங்கே சொதப்புகிறது. 11 மணிக்கு ஒத்தாருவில் இறக்கி 2 மணிக்கு ஏற்றிவிடுகிறார்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். 2 மணிக்குப் போய் 5 மணி வரை நின்றால் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் கால்வாயைப் பார்க்கலாம். வழிகாட்டியிடம் கேட்டால் காலையில் கண்ணாடிக் கடைகள், மதியத்துக்குமேல் கால்வாய் என்று மாற்றித் தர முடியும். கூடுதல் செலவு எதுவும் இல்லாத மாற்றம்.

இனி சறுக்கு நாள். குளிர்காலத் தொடக்கத்தில் அதிகம் ஏமாறுவது புதியவர்தான், காரணமும் எளிது. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. மேலே குளிர் அதிகம், அதனால் முதலில் மலையுச்சி நிறையும். மலையடிவாரம் கடைசியில்தான் நிறையும். தேர்ந்தவர்கள் கம்பிவட வண்டியான கொண்டோலாவில் ஏறி உச்சியிலேயே சறுக்கிவிட்டு, இறங்குவதற்கும் கொண்டோலாவையே பிடித்துக்கொள்வார்கள். புதியவர்களுக்கான மெல்லிய சரிவும், நின்றபடி மேலே ஏற்றிவிடும் நகரும் பட்டையும் பெரும்பாலும் அடிவாரத்தில்தான் இருக்கும். அங்கே டிசம்பர் முதல் வாரத்தில் மூங்கில்புல் தலைநீட்டிக்கொண்டிருக்கலாம்.

1972 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்த தெய்னே மலையே நல்ல எடுத்துக்காட்டு. சப்போரோவுக்கு மிக அருகில், 1,023 மீட்டர். மேல்பகுதி முதலில் திறக்கும்; புதியவர்களுக்கு ஏற்ற கீழ்ப்பகுதி பின்னால் திறப்பதே வழக்கம். மேல்பகுதிச் சரிவுகளோ முதல் நாள் கால் வைக்கிற இடமல்ல.

இயந்திரப் பனி இருக்கிறதே என்பார்கள். அதற்கும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய −2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். சப்போரோவில் டிசம்பர் தொடக்கத்தில் பகல் வெப்பம் பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும். பனி பகலில் இளகி, இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் விழுந்தால் சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரிதான். அப்படிப்பட்ட நாளில் 10.30-க்கு மேல் தொடங்குவது நல்லது. மேற்பரப்பு கொஞ்சம் இளகியிருக்கும்.

தாளில் ‘சப்போரோ அருகில் ஒரு பனிச்சறுக்குத் தளம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. முன்பணம் கட்டும்போது தளத்தின் பெயரை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்கு அடிவாரச் சரிவு திறக்காவிட்டால் மாற்று இடம் எது, ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆசிரியர் உண்டா, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் போனால் உங்கள் முறை வருவதற்குள் கால் விறைத்துவிடும். பொதியில் முழுநாள் லிஃப்ட் சீட்டு சேர்ந்திருப்பது வீண்செலவு. முதல் நாளில் நகரும் பட்டையைத் தாண்டுகிறவர் குறைவு. சில மணி நேரச் சீட்டு போதும், மிச்சத்தைக் கழித்துத் தரச் சொல்லலாம்.

‘முழுநாள்’ என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 8.30-க்கு விடுதியிலிருந்து பேருந்து, 10 மணிக்குத் தளம். நாற்பது பேருக்குச் சப்பாத்து, பலகை, தலைக்கவசம் வாங்கவே ஒரு மணி நேரம். 11 முதல் 1 வரை பாடம், ஒரு மணி நேரம் சாப்பாடு, 2 முதல் 3 வரை சொந்தமாகப் பழக, 3 மணிக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பனியில் நிற்பது மூன்றே மணி நேரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொடைக்குப் பழக்கமில்லாத வேலை அது. மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் களைப்பில்தான் முழங்கால் திருகும்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் நாள் நன்றாகப் போகுமா கெடுமா என்பது தெரிந்துவிடும், ஏனென்றால் எல்லாம் சப்பாத்தில் இருக்கிறது. சறுக்குச் சப்பாத்தின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நம் கடை எண் அங்கே உதவாது. வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி ஒரு தாளின்மேல் நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 25.5 வந்தால் 25.5 கேளுங்கள், ‘கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்’ என்று 27 வாங்கினால் கால் உள்ளே ஆடும், பலகை சொல்பேச்சு கேட்காது. சரியான சப்பாத்தில் நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடும், முழங்காலை மடக்கினால் விலகும்.

காலுறை ஒன்றே ஒன்று, முழங்காலுக்குக் கீழ் வரை நீண்டது. குளிருக்குப் பயந்து இரண்டு போடுவதுதான் நம்மவர் செய்யும் முதல் தப்பு. மடிப்பு விழுந்து கணைக்கால் எலும்பில் அழுத்தும், இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். உள்சிலுவாரின் விளிம்பையும் சப்பாத்துக்குள் திணிக்கக் கூடாது. கால் நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, கணுக்காலுக்கு மேல் உள்ள கொக்கிகளை முதலில் இறுக்குங்கள். பாதத்தின்மேல் உள்ளவை பெயருக்குப் பிடித்தால் போதும். விரல் மரத்துப்போனால் கீழ்க்கொக்கியைத் தளர்த்துங்கள்.

வாடகைப் படிவத்தில் உயரம், எடை, வயது கேட்பார்கள். கூச்சப்பட்டு எடையை மாற்றிச் சொல்லாதீர்கள். விழும்போது சப்பாத்து பலகையிலிருந்து எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் திருகாணியில் அமைக்கிறார்கள். உண்மையான எடையைவிடக் குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே கழன்று விழும். கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலை முறுக்கும். பலகையின் உயரம் தாடையளவோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும்.

பலகையில் சப்பாத்து ‘டக்’ என்று மாட்டவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை அடிப்பக்கத்தில் பனி அப்பியிருக்கும். ஊன்றுகோல் நுனியால் சுரண்டிவிட்டு மிதியுங்கள். சரிவில் எழும்போது பலகைகள் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். மழை நாளில் மலைத்தோட்டத்தில் ரப்பர் பால்வாளியோடு பக்கவாட்டில் கால் வைத்து இறங்கியவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

உடுப்பு வாடகைக்கு வருவோம். முகவர் தரும் மேல்சட்டையும் சிலுவாரும் பரவாயில்லை, ஆனால் எல்லாம் ஒரே தரமில்லை. எடுக்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். தையலின் மேல் ஒட்டிய நாடா உரிந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். தோள்பட்டையில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம்: முத்தாக உருண்டால் எடுங்கள், துணி கறுத்து ஊறினால் வேறு கேளுங்கள். பின்னல் கையுறைதான் இந்தத் தொகுப்பின் பெரிய குறை. அரை மணி நேரத்தில் நனைந்து, ஈரம் உறைந்து, கையை எடுக்கவே முடியாது. தண்ணீர் புகாத கையுறையைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். தளங்களில் பெரும்பாலும் கையுறை வாடகைக்குக் கிடைக்காது. உள்ளே பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரவைக்கும். கேமரன் மலைக்கு வாங்கிய ஸ்வெட்டர் நடு அடுக்குக்கு ஆகும், மேலடுக்குக்கு ஆகாது. தோட்டத்து ரப்பர் பூட்டும் தெருவில் வழுக்கும்; ஜப்பானில் கடைகளில் விற்கும் பல்வைத்த வழுக்குத்தடுப்பைச் சப்பாத்தின் மேல் மாட்டிக்கொண்டால் பெரியவர்கள் நிம்மதியாக நடக்கலாம்.

சாப்பாடு. டிசம்பர் முதல் வாரம் கார்த்திகை மாதம். மாலை போட்டவர்களும் சைவமாக இருப்பவர்களும் குழுவில் இருப்பார்கள். முகவர் ‘சைவம் ஏற்பாடு செய்யலாம்’ என்கிறார். ஜப்பானிய ரசத்திலும் குழம்பிலும் அடித்தளமாக இருக்கும் தாஷி பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. காய்கறி மட்டும் மிதந்தாலும் அது சைவமல்ல. சப்போரோவின் பேர்போன சூப் கறியும் எலும்பு வேகவைத்த சாறுதான், கட்டியாக விற்கும் கறிமசாலாவில் மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பது சாதாரணம். அதனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல் ‘மீன் தாஷியும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் ஓர் அட்டை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள்.

சோறு பொங்கிக்கொள்ளலாம் என்று சின்னக் குக்கரை எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டில் 240 வோல்ட், அங்கே 100. நம் குக்கர் அங்கே ஆறில் ஒரு பங்கு சூடுதான் தரும். அரிசி ஊறும், வேகாது. இரண்டு மின்னழுத்தமும் ஏற்கும் குக்கர் என்றால் சரி, தட்டையான இருமுனைப் பிளக்கும் வேண்டும். ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழிச் சம்பல் எதுவும் பையில் வேண்டாம். டின்னில் அடைத்ததானாலும் இறைச்சியைச் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் பழத்துக்கும் இதே கதிதான். ஊறுகாய், பருப்புப்பொடி போதும்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஜப்பானில் 90 நாள் வரை விசா வேண்டாம். தாளில் எல்லோருக்கும் பொதுவாக ‘விசா தேவையில்லை’ என்று போட்டிருப்பது தவறு. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளான பெரியவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. நம் ஊரில் அப்படி எத்தனையோ வீடு உண்டு, முகவருக்கும் தெரியும். இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். காப்புறுதியிலும் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணப் பயணக் காப்புறுதியில் அது விலக்கப்பட்டிருக்கலாம். கைத்தொலைபேசி குளிரில் சட்டென்று அணைந்துவிடும், உள்பையில் வையுங்கள்.

முகவர் நன்றாகச் செய்வதையும் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்தே கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கேஎல்ஐஏ) இரண்டாம் முனையம் வரை பேருந்து போடுகிறார். நான்கு மணி நேரப் பயணத்தில் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஜப்பான் குடிநுழைவுக்கான இணையப் பதிவை நிலையத்திலேயே உட்கார்ந்து செய்து, கியூஆர் குறியைத் தாளில் அச்சடித்தும் தருகிறார்.

இரண்டாவது புறப்பாட்டில் இடம் முடிந்துபோனால் முதல் வாரத்துக்கே பதியலாம், சறுக்கு நாளை மட்டும் எடுத்துவிட்டுக் காசைக் கழிக்கச் சொல்லுங்கள். அந்த நாளுக்கு ஜோசான்கெய் வெந்நீர் ஊற்றூர் சரியாக வரும். சப்போரோவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தான். பொதுக்குளியலில் உடை களையக் கூச்சப்படுகிறவர்கள் காலை மட்டும் நனைக்கும் தொட்டியில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு சின்னத் துண்டு எடுத்துப் போனால் போதும்.