ஆம்பூர் செருப்புக் கடையும் ஆளுக்கொரு கோடும்

ஆம்பூரில் தோல் செருப்பு விற்கும் கடைகள் ஏராளம் என்றாலும், ‘ஒரிஜினல் லெதர்’ என்பதற்கு மேல் விவரம் சொல்பவர்கள் குறைவு. பஜாருக்குள் இருக்கும் இந்தச் சிறிய கடையில், எந்த விலங்கின் தோல், எதில் பதனிட்டது என்ற இரண்டையும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் நின்றிருந்த நேரத்தில் வந்த ஓர் அம்மா, பசுத்தோல் வேண்டாம், எருமைத்தோல் என்றால் தரலாம் என்றார். ஷூ பார்க்க வந்த இளைஞர், “உள்ளே பன்றித்தோல் லைனிங் இல்லையே, பாய்?” என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அசைவம் தொடாத என் நண்பர் ரெக்சின் பக்கம் ஒதுங்கினார். கடைக்காரர் யாரிடமும் வாதிடாமல், யாரையும் சங்கடப்படுத்தாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

என் கவலை தண்ணீரைப் பற்றியது. டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ்பட்டதை உச்ச நீதிமன்றம் 1996இல் தன் தீர்ப்பில் குறிப்பிட்டு, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வெறும் செய்தி அன்று. ஆகவே குரோமில், அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில், பதனிட்டதைத் தவிர்த்து, மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டதைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தவரே, “பட்டையில போட்டாலும் பச்சைத்தோல்ல இருக்கிற உப்பு தண்ணியிலதான் சார் போகும், இதை சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். தன் சரக்கின் குறையை வாங்க வந்தவனிடம் சொல்லும் இந்த நேர்மைக்காகவே கடையைப் பரிந்துரைக்கிறேன். குரோமையாவது தவிர்ப்பது எதையும் தவிர்க்காததைவிட மேல் என்று முடிவுசெய்து வாங்கினேன்.

செருப்பு நன்றாகவே உழைக்கிறது. வாரின் வெட்டிய விளிம்பைப் பார்த்தால் உள்வரை ஒரே தேன் நிறம். சாயம் ஊறாத குரோம் தோலில் அந்த இடம் நீலம் பாய்ந்திருக்கும். தொடக்கத்தில் கட்டைவிரல் ஓரம் கடித்தது, தேங்காய் எண்ணெய் தடவியபின் பழகிவிட்டது. நனைந்தால் நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

பெண்களுக்கான அளவுகள் குறைவு. பெட்டியில் எழுதும் விவரத்தைப் பில்லிலும் குறித்துக் கொடுத்தால், மற்ற கடைகளில் அதைக் காட்டிக் கேட்க வசதியாக இருக்கும்.